ஆயாவின் பால் கணக்கு நோட்டும் ஐந்து நாள் பயணமும்

முதல் நாள், புதன்: நெய்வேலி, வடலூர்

ஆயாவுக்கு முதல் வருஷத் தெவசம் போன வாரம் முடிந்தது. வந்த சொந்தமெல்லாம் கிளம்பிப் போனபிறகு அத்தை பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பால் கணக்கு நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே பால் கணக்கு நாலே பக்கம்தான். அதற்கப்புறம் முழுக்கக் கோயில். தேதி, ஊர், என்ன வேலை, எத்தனை பேர் வந்தார்கள், அவ்வளவுதான். "மேலக்கடம்பூர். மதில் ஓரம் நெருஞ்சி. 14 பேர். மதியம் மழை." இப்படி 1997 தை மாசத்திலிருந்து 2019 ஐப்பசி வரைக்கும், மாசத்துக்கு ஒரு கோயில், எல்லாம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.

உழவாரப் பணிக்கு, அதாவது களை பறித்துக் கோயிலைச் சுத்தம் செய்கிற வேலைக்கு, ஆயா போகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். காலை நாலு மணிக்கு வேன் வரும், ராத்திரி ஒன்பது மணிக்குக் கால் வலியோடு வருவார், வெந்நீர் வைத்துக் கொடுப்போம். அங்கே என்ன செய்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை, கூடப் போனதும் இல்லை. அதனால் இந்த நோட்டில் இருக்கிற ஊர்களில் நாலைந்தாவது பார்த்துவிட்டு வருவோம் என்று நானும் அத்தையும் கிளம்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆயாவின் குழு திருப்புகலூரில் வேலை செய்கிறது, அன்றைக்கு அங்கே போய்ச் சேருவதாகத் திட்டம். பையில் நோட்டும் அவருடைய களைக்கொத்தியும் இருக்கின்றன. கல்யாணச் சீரில் வந்த பித்தளைச் சொம்பையும் எடுத்து வைக்கலாம் என்று அத்தை தேடினார், அது பல வருஷமாகவே காணவில்லை. யார் வீட்டுக்குப் போனது என்று அத்தைக்கு இன்னும் மனத்தாங்கல்.

காலையில் முதலில் நெய்வேலி. தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1971-இல் ஆயா இங்கே வந்தபோது நகரியம் ஏற்பட்டுப் பதினைந்து வருஷம்கூட ஆகியிருக்காது. குவார்ட்டர்ஸ் வீடு, ஓய்வு பெற்றதும் காலி செய்து கொடுத்துவிட்டோம், இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. தெருவில் நின்று ஆயா வைத்த மாமரத்தை மட்டும் பார்த்தோம். மதிலுக்கு வெளியே ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வா பாப்பா, யாராவது என்ன வேணும்னு கேட்டா என்ன சொல்றது" என்றார்.

அங்கிருந்து வடலூர் பக்கம்தான். ஆயாவுக்குக் கோயில் வேலை பிற்பாடுதான் வந்தது, அதற்கு முன்னால் பல வருஷமாக அவர் கை ஓடியது வடலூர் தருமசாலையில். வள்ளலார் 1867 மே 23-ஆம் தேதி மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது, பசி என்று யார் வந்தாலும் சோறு. தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி முழுக்க ஆயா அரிவாள்மனையோடு உட்கார்ந்துவிடுவார். சுற்று வட்டாரத்து விவசாயிகள் கொண்டுவந்து இறக்குகிற பரங்கிக்காயும் பூசணிக்காயும் மலையாகக் கிடக்கும், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விடிய விடிய நறுக்குவார்கள். அத்தை சின்ன வயதில் அந்தப் பரங்கித் தோல் குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்துத் தூங்கியிருக்கிறார். இன்றைக்கும் "காய் நறுக்கட்டுமா" என்று கேட்டோம், சரி என்று கத்தரிக்காய்க் கூடையை நகர்த்திக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் நறுக்கிவிட்டு அங்கேயே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வள்ளலார் வழியில் சிலை வழிபாடு கிடையாது, ஞான சபையில் ஏழு திரை விலகினால் சோதி மட்டும்தான். அப்படியிருக்க ஆயா எப்படி அங்கேயும் போய், சிவன் கோயிலுக்கும் போனார் என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி. அத்தை ஒருமுறை கேட்டாராம். "அது வயித்துக்கு, இது வாசலுக்கு. ரெண்டும் யாராச்சும் செய்யணும்ல" என்றாராம். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, எனக்கும் அதுவே போதுமாக இருக்கிறது.

இரண்டாம் நாள், வியாழன்: திருவதிகை

பண்ருட்டி முழுக்கப் பலாப்பழ வாசனை. வைகாசி இல்லையா, பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே குவித்து வைத்திருக்கிறார்கள். ஆயாவின் பெரிய தம்பி, எனக்குச் சின்னத்தாத்தா, இங்கேதான் இருக்கிறார். எண்பதைத் தொடப் போகிறார், இன்னமும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தானே பழத்தைப் பிளந்து சுளை எடுத்துக் கொடுத்தார்.

அவரோடுதான் திருவதிகைக்குப் போனோம். வீரட்டானேசுவரர் கோயில், கெடில நதிக்குப் பக்கம், சிவன் முப்புரம் எரித்த இடம் என்பார்கள், சிவன் வீரம் காட்டிய எட்டு வீரட்டானங்களில் ஒன்று. கருவறையில் பதினாறு பட்டை வைத்த பெரிய லிங்கம். தேவாரம் பாடிய அப்பருக்கு, அதாவது திருநாவுக்கரசருக்கு, சூலை என்கிற வயிற்று வலி தீர்ந்த தலம் என்பதால் சைவர்களுக்கு இது சாதாரண ஊர் இல்லை. ஆனால் ஆயா இங்கே வந்தால் முதலில் போய் நிற்பது அப்பரின் அக்கா திலகவதியார் முன்னால்தானாம். நோட்டில் திருவதிகை பதினோரு தடவை வருகிறது. வேறெந்த ஊரும் அவ்வளவு தடவை இல்லை.

காரணத்தைச் சின்னத்தாத்தா சொன்னார். நானாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். 1958-இல் ஆயாவின் அம்மா இறந்துபோனார். ஆயாவுக்கு அப்போது பதினாலு வயது, பெரிய தம்பிக்கு ஒன்பது முடிந்து பத்து, சின்னவருக்கு ஆறு. அப்பா முந்திரிக்காட்டில் கூலி வேலை. அதிலிருந்து பத்து வருஷம் அந்த வீட்டுக்கு அம்மாவாக இருந்தது ஆயாதான். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் "சின்னவன் பத்தாவது முடிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இருபத்து நாலு வயதில், 1968-இல்தான் கல்யாணம். அந்தக் காலத்தில், எங்கள் பக்கத்தில், அது ரொம்பத் தாமதம். ஊரே பேசியிருக்கிறது.

திலகவதியார் கதையும் அதுதானே. நிச்சயம் செய்த கலிப்பகையார் போரில் இறந்துவிட, தாய் தகப்பனும் இல்லாமல், உயிரை விடத் துணிந்தவர், தம்பி அழுததற்காக உயிரை வைத்துக்கொண்டார். அந்தத் தம்பியும் சமணத்துக்குப் போய்விட, இந்த அம்மா திருவதிகைக்கு வந்து, விடியுமுன் எழுந்து கோயில் வாசலைப் பெருக்கி, சாணம் மெழுகி, பூப்பறித்து மாலை கட்டி, அதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார். வயிற்று வலியோடு தம்பி திரும்பி வந்தபோது கையில் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனதும் அவர்தான். உழவாரம் என்றால் எல்லாரும் அப்பரைச் சொல்கிறார்கள். ஆனால் அந்த வேலையை முதலில் செய்தது அக்கா, தம்பி அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கு அந்த வாசலில் நிற்கும்போது எனக்குத் தோன்றியது. ஆயாவும் அப்படி நினைத்திருப்பாரோ என்னவோ.

சின்னத்தாத்தா பிராகாரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ராத்திரி கஞ்சியில எனக்கு அடிக் கஞ்சி, கெட்டியா இருக்கும். அக்காவுக்கு மேல் தண்ணி. நான் ரொம்ப நாள், அக்காவுக்குத் தண்ணிதான் புடிக்கும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். அத்தை அவர் தோளில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்.

மூன்றாம் நாள், வெள்ளி: மேலக்கடம்பூர்

சேத்தியாத்தோப்பில் பஸ் மாறி, வீராணம் ஏரிக்கரை ஓரமாகவே காட்டுமன்னார்கோயில், அங்கிருந்து ஆட்டோ. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது.

கோயில் சின்னதுதான், ஆனால் கருவறையையே தேர் மாதிரி கட்டியிருக்கிறார்கள், கல்லில் சக்கரம், கல்லில் குதிரை. முதலாம் குலோத்துங்கன் காலத்து வேலை. தேர் வடிவம் என்பதால் கரக்கோயில் என்று பெயர். "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று காலண்டரிலும் ஆட்டோ முதுகிலும் பார்க்கிறோமே, அதை அப்பர் பாடியது இந்த ஊர் சிவனைத்தான். தாங்குவது உன் கடன், வேலை செய்துகொண்டு கிடப்பது என் கடன் என்று கடவுளிடம் கணக்கைப் பிரித்துக்கொள்கிற பாட்டு. எனக்கு இன்றைக்கு வரைக்கும் இது எந்த ஊர்ப் பாட்டு என்றே தெரியாது.

ஆயா உழவாரத்துக்கு முதன்முதலாக வந்தது இங்கேதான், 1997 தை. தாத்தா இறந்து எட்டு மாதம். அத்தை சொல்கிறார்: "அப்பா போனப்புறம் அம்மா வீட்டுலயே சும்மா சும்மா பாத்திரம் தேய்ச்சிக்கிட்டிருந்தாங்க. தேய்ச்சதையே எடுத்து மறுபடி தேய்ப்பாங்க. பக்கத்துத் தெரு ஓதுவார் வீட்டு அம்மாதான், அந்தக் கையை எடுத்துக்கிட்டு எங்களோட வாங்கன்னு கூட்டிட்டுப் போனாங்க." அன்றைக்குப் பதிவில் "விளக்கு 60. புளி, சாம்பல்." என்று மட்டும் இருக்கிறது. அறுபது விளக்கு தேய்த்திருக்கிறார்.

களைக்கொத்தியை இங்கே வெளியில் எடுத்துப் பார்த்தேன். ஒரு சாண் இரும்பு, நுனி மட்டும் இலை மாதிரி அகலம், பட்டறையில் அடித்து வாங்கியது. வேப்பங்கட்டைப் பிடியில் பெருவிரல் படுகிற இடம் குழிந்து வழவழவென்று இருக்கிறது. என் விரலை வைத்தால் அந்தக் குழியில் சரியாக உட்காரவில்லை, ஆயா கை சின்னது.

அவருடைய சட்டங்களையும் அத்தை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொன்னார். கல்வெட்டு இருக்கிற சுவரில் கம்பி பிரஷ் போடக்கூடாது, தேங்காய் நார் மட்டும்தான். எண்ணெய்ப் பிசுக்குக்கு அரப்பும் வெந்நீரும், அவசரத்துக்கு ஆசிட் ஊற்றுகிறவர்களை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ரொம்ப முக்கியம் அரசங்கன்று. காக்கா எச்சத்தில் வந்து விழுந்த விதை கல் இடுக்கில் முளைத்து, ரெண்டு இலை விடும்போதே பிடுங்கிவிட வேண்டும். விட்டால் வேர் உள்ளே இறங்கிக் கல்லையே நெம்பித் தள்ளிவிடும். மேலே தழையை மட்டும் வெட்டினால் இன்னும் வேகமாகத் தழையும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு கன்று முளைத்தபோது அவர் நாற்காலி போட்டு ஏறினதற்கு நான் சத்தம் போட்டிருக்கிறேன். எழுபத்தைந்து வயதில் என்ன அவசரம் என்று கேட்டேன். அவசரம்தான் என்று இன்றைக்குத் தெரிகிறது.

நான்காம் நாள், சனி: திங்களூர்

நேற்றே அணைக்கரை வழியாகக் கும்பகோணம் வந்து தங்கிவிட்டோம். கொள்ளிடத்தில் கண்ணுக்கெட்டின தூரம் மணல்தான், மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால்தான் உண்டு.

இன்றைக்குத் திருவையாறு பஸ்ஸில் திங்களூர். இப்போது இது சந்திரன் தலம், நவக்கிரக டூர் வேன்கள் வரிசையாக நிற்கின்றன. ஆயாவுக்கு இது அப்பூதியடிகள் ஊர். அப்பரைப் பார்க்காமலேயே, கேள்விப்பட்ட பெருமைக்காக, பிள்ளைகளுக்கும் பசுவுக்கும் வீட்டில் இருக்கிற படிக்கும் தராசுக்கும்கூடத் திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தவர். அந்தப் பெயரிலேயே தண்ணீர்ப் பந்தலும் வைத்தார், அந்த வழியாக வந்த அப்பர் தன் பெயரை ஒரு பந்தலில் பார்த்து, யார் வைத்தது என்று விசாரித்துக்கொண்டு வீடு தேடிப் போனார். விருந்துக்கு வாழைக் குருத்து அரியப் போன மூத்த மகனைப் பாம்பு கடித்ததும், சாப்பாடு தடைப்படக் கூடாதே என்று பெற்றவர்கள் உடலை மறைத்ததும், அப்பர் பாடிப் பிள்ளை எழுந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆயா பிள்ளை எழுந்ததைப் பற்றிப் பேசவே மாட்டார். தண்ணீர்ப் பந்தலைத்தான் சொல்வார். "அத்தனை வெயில்ல ஒருத்தர் தண்ணி வச்சிருக்காரு பாரு" என்பார், நேற்று நடந்த மாதிரி.

தரிசனம் முடித்து வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். கடை வாசலில் ஒரு மண்பானை, ஈரத்துணி சுற்றி, மேலே தட்டு, தட்டின் மேல் ஒரு பித்தளைச் சொம்பு. அத்தை தண்ணீர் குடிக்கப் போனவர் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கழுத்தில் புள்ளி புள்ளியாகத் தாத்தா பெயரின் முதல் எழுத்தும் 1968-உம் வெட்டியிருந்தது.

கடைக்காரருக்கு நல்ல ஞாபகம். "நெய்வேலி அம்மாங்களா? வேன்ல வருவாங்களே. பானைக்கு நான் பிளாஸ்டிக் டம்ளர் வச்சிருந்தேன், காத்துல பறந்து போயிடும். அடுத்த தடவை வந்தப்ப பையில இருந்து எடுத்துக் குடுத்துட்டுப் போனாங்க. சங்கிலி போடச் சொன்னாங்க, நான் போடல. இத்தனை வருஷமா யாரும் எடுத்துட்டுப் போகலைங்க" என்றார். ஆயா போய்ச் சேர்ந்த சேதியை அத்தை சொன்னதும் தலைத்துண்டை எடுத்துவிட்டார். டீக்குக் காசு வாங்கவே மாட்டேன் என்றார்.

"எடுத்துட்டுப் போறதுன்னா போங்கம்மா, ஒங்க பொருள்தானே" என்று சொம்பைத் துடைத்து நீட்டினார். அத்தை வாங்கிப் பார்த்தார், உள்ளே பார்த்தார், அடியில் பார்த்தார். பிறகு பானையில் மொண்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் முழுக்கக் குடித்துவிட்டுத் தட்டின் மேலேயே கவிழ்த்து வைத்தார். பஸ்ஸில் ஏறி ரொம்ப நேரம் கழித்து, "என் தம்பி பொண்டாட்டியைத்தான் சந்தேகப்பட்டுட்டேன். வீட்டுக்குப் போனதும் பேசணும்" என்றார்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: திருப்புகலூர்

காலை ஆறு மணிக்கெல்லாம் குழு வந்துவிட்டது, இருபத்து மூன்று பேர். சன்னாநல்லூரில் இறங்கி நாகப்பட்டினம் பஸ் பிடித்து நாங்கள் போய்ச் சேர ஆறே முக்கால். கோயிலை மூன்று பக்கமும் அகழி மாதிரி குளம் சூழ்ந்திருக்கிறது, காலை வெயிலில் தண்ணீரைப் பார்த்ததும் நாலு நாள் சூடு தணிந்த மாதிரி இருந்தது. வீடு கட்டப் போகிறவர்கள் செங்கல் கொண்டுவந்து பூஜை செய்து எடுத்துப் போகிற கோயில் இது, சுந்தரருக்குச் செங்கல் பொன்னான இடம் என்பதால். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாங்கள் வீடு கட்டினபோது ஆயா இங்கிருந்துதான் செங்கல் எடுத்து வந்தார்.

அப்பர் முடிவாக வந்து தங்கியதும் இந்த ஊரில்தான். எண்பது தாண்டிய வயது, அப்போதும் உழவாரம் என்கிற கருவியோடு பிராகாரத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் தெரிய, பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தாராம். சித்திரைச் சதயத்தன்று இங்கேயே இறைவனோடு கலந்தார். பொன்னைப் பற்றி ஆயா சொன்னதைக் குழுவில் ஒரு அம்மா சொன்னார்: "கையில வேலை இருந்தா கண்ணு அங்க போகாது."

குழுத் தலைவர் எனக்கு மடைப்பள்ளிப் பின்பக்கம் கொடுத்தார். ஆயாவின் களைக்கொத்தியைக் கொண்டுபோயிருந்தேன். முதல் அரை மணி நேரம் கோரையை இழுத்து இழுத்து அறுத்துக்கொண்டிருந்தேன், கிழங்கு உள்ளேயே நின்றுவிட்டது. பக்கத்திலிருந்தவர், "இழுக்காதம்மா, சாய்ச்சுக் குத்தி, நெம்பி, அப்புறம் தூக்கு" என்று காட்டினார். உங்கள் ஆயாதான் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார் என்றார். பதினோரு மணிக்குள் நாலு பாண்டு சட்டி நிறையக் களை. பெருவிரல் அடியில் ஒரு கொப்புளம்.

மதியம் சோறு வரும் வரைக்கும் நிழலில் உட்கார்ந்து நோட்டில் திருப்புகலூர் பக்கங்களைத் தேடினேன். இந்த நாலு நாளும் நான் திறக்கத் தயங்கிக்கொண்டிருந்த ஒரு தேதி உண்டு. நான் ஆறாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழா ஒரு இரண்டாவது ஞாயிறு வந்தது. பரதநாட்டியம் ஆடினேன். எல்லாரும் வந்தார்கள், ஆயா மட்டும் வேனில் ஏறிப் போய்விட்டார். கோயில்தான் அவருக்குப் பெரிது என்று நான் ரொம்ப வருஷம் மனதுக்குள் வைத்திருந்தேன். நோட்டில் விட்டுப்போன மாதங்களை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அத்தைக்குக் கடைசிப் பிள்ளை பிறந்த மாதம், நான் மஞ்சள் காமாலையில் கிடந்த ரெண்டு மாதம், சின்னத்தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த மாதம். எல்லாருக்காகவும் நின்றிருக்கிறார். அந்த ஞாயிறு மட்டும் ஏன் நிற்கவில்லை?

அந்தத் தேதி திருப்புகலூர். "எண்ணெய்ப் பிசுக்கு, முன் மண்டபம். 9 பேர்தான். பாப்பா டான்ஸ் 5 மணிக்கு."

எல்லாப் பதிவும் நீல மை. இந்த டான்ஸ் வரி மட்டும் பென்சிலில், வேனில் ஆட ஆட எழுதின மாதிரி கோணல்மாணலாக இருக்கிறது. அத்தையிடம் காட்டினேன். அன்றைக்கு வேன் வழியில் நின்றுவிட்டதாம், ராத்திரி எட்டு மணிக்கு மண்டப வாசலுக்கு நேராக வந்திருக்கிறார், விழா முடிந்து எல்லாரும் போய்விட்டார்களாம், வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். "பாப்பாகிட்ட சொல்லாதே, பாவம், அழும்னு சொல்லிட்டாங்க. நானும் மறந்தே போயிட்டேன் போ" என்றார் அத்தை.

சாம்பார் சாதமும் அப்பளமும் வந்தது. சாப்பிட்டு முடித்துத் தேவாரம் பாடினார்கள், எனக்குப் பாட்டு தெரியாது, கையை மட்டும் கூப்பிக்கொண்டிருந்தேன். வேன் கிளம்பும்போது குழுத் தலைவர் அடுத்த மாதம் திருவீழிமிழலை என்று அறிவித்துவிட்டு, யார் யார் வருகிறீர்கள் என்று பெயர் எழுதிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் வந்ததும் அத்தை "ரெண்டு பேர்" என்று விரலைக் காட்டினார். காலை நாலு மணிக்கு வண்டி வரும், தேங்காய் நார் நீங்கள் கொண்டுவந்துவிடுங்கள் என்றார் அவர்.